துப்பாக்கி இல்லாத விமானம், தற்காப்பு இல்லாத விமானம் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இந்திய விமானப்படையில் பறந்து ஓய்வுபெற்ற பழைய விமானங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் அண்மையில் வெளியான கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்று லிபரேட்டர், கான்பெர்ரா என்ற இரு குண்டுவீச்சு விமானங்களுக்கு ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆனால், பின்பக்கத்தில் துப்பாக்கி ஏதும் இல்லாததால் கான்பெர்ரா தற்காப்பே இல்லாத குண்டுவீச்சு விமானம் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. துப்பாக்கி இல்லை என்பது உண்மை. தற்காப்பு இல்லை என்பது சரியன்று. அந்த விமானத்தின் வால் பகுதியில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில், அங்கே என்ன இருந்தது, அது ஏன் அங்கே இருந்தது என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

நான் விமானப்படையில் ராடார் ஃபிட்டராக இருந்தவன்; பணிக்காலத்தின் பெரும்பகுதியை ஆக்ரா விமானத் தளத்தில் கான்பெர்ராக்களோடு கழித்தவன். குண்டுவீச்சு விமானங்களின் மீது எனக்கு இன்றும் தீராத பிரியம் உண்டு. இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். அவர்களுடைய உணர்வை நான் மதிக்கிறேன், ஏனென்றால் குண்டு விழுந்த ஊர்களின் கதையைப் படித்தவன்தான் நானும். என் பிரியம் குண்டு அறையின் மீது அன்று. எதிரி நாட்டு வானத்தில் நள்ளிரவில் மெதுவாகத் திரும்பி வரும் ஒரு பெரிய விமானத்தையும், அதில் இருக்கும் சில மனிதர்களையும் உயிரோடு வீடு சேர்ப்பதற்காக மனித மூளை செய்து பார்த்த கருவிகளின் மீதே அது. சண்டை விமானம் திரும்பித் தாக்கும்; ஆபத்தென்றால் சட்டென்று விலகிவிடும். குண்டுவீச்சு விமானம் குறித்த பாதையில், குறித்த உயரத்தில், குண்டு விழும் நொடிவரை அசையாமல் பறந்தாக வேண்டும். அந்த நிலையில் அதைக் காப்பது எப்படி என்ற கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொரு விடை கண்டது.

முதல் விடை துப்பாக்கி. எங்கள் படையணியின் மூத்தவர்களில் சிலர் லிபரேட்டரில் வேலை செய்தவர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கான்பூரில் கைவிடப்பட்டுக் கிடந்த லிபரேட்டர்களை ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தார் ஓரளவு பறக்கும் நிலைக்குக் கொண்டுவர, சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டிச் சென்றார். அங்கே அவை முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டன. 1948 நவம்பரில் ஐந்தாம் படையணி அவற்றைக் கொண்டே தொடங்கப்பட்டது. ஆறாம் படையணி 1968 வரை கடற்கண்காணிப்புக்கு அவற்றைப் பறக்கவிட்டது. போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையின் லிபரேட்டர்கள் நம் பரங்கிமலை ஓடுதளத்திலிருந்தும் வங்கக் கடலின் மேல் ரோந்து சென்றன என்பதைச் சென்னை வாசகர்களுக்காக இங்கே குறிப்பிடுகிறேன். போர்க்கால லிபரேட்டரின் மூக்கிலும் முதுகிலும் வயிற்றிலும் வாலிலும் சுழலும் கூண்டுகள், கூண்டுக்கு இரண்டாக அரை அங்குல எந்திரத் துப்பாக்கிகள், இரு விலாக்களிலும் ஒவ்வொன்று, ஆகப் பத்து. எந்தத் திசையிலிருந்து எதிரி வந்தாலும் ஒரு துப்பாக்கியாவது அவனை நோக்கித் திரும்பும் என்பது கணக்கு.

அந்தக் கணக்கு எங்கே தவறியது என்பதை 1943 அக்டோபர் 14 காட்டியது. பந்து உருளை (பால் பேரிங்) தொழிற்சாலைகள் இருந்த ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரைத் தாக்க அமெரிக்காவின் 291 பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பகலில் அணிவகுத்துச் சென்றன. ஒன்றுக்கொன்று காவலாகப் பறந்த அந்த அணிவகுப்பில் நூற்றுக்கணக்கான அல்ல, ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள் இருந்தன. ஆயினும் 60 விமானங்கள் திரும்பவில்லை. விமானத்துக்குப் பத்துப் பேர் என்று எண்ணிப் பாருங்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு ஷ்வைன்ஃபுர்ட், ரேகன்ஸ்பர்க் நகரங்களைத் தாக்கச் சென்றபோதும் இழப்பு இதே 60. கூடுதல் எரிபொருள் கலன்களோடு முஸ்டாங் சண்டை விமானங்கள் துணைக்கு வந்த பிறகே நிலைமை மாறியது. துப்பாக்கி ஏறினால் எடை ஏறுகிறது, காற்றின் எதிர்ப்பு ஏறுகிறது, ஆள் ஏறுகிறார்கள். வேகமும் உயரமும் இறங்குகின்றன. இதற்கு நேர்மாறாக, மரத்தால் கட்டிய, துப்பாக்கியே இல்லாத, இருவர் மட்டும் ஓட்டிய மஸ்கிட்டோ என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம், வேகத்தை நம்பியே போய், கன குண்டுவீச்சு விமானங்களைவிட மிகக் குறைந்த இழப்போடு திரும்பிக்கொண்டிருந்தது.

அந்தப் பாடத்தின் பிள்ளைதான் கான்பெர்ரா. 1949 மே 13 அன்று முதன்முதலாகப் பறந்த அந்த விமானத்தை வடிவமைத்த டெடி பெட்டர், துப்பாக்கியை மறந்துவிட்டு வடிவமைக்கவில்லை; வேண்டாம் என்று முடிவு செய்தே வடிவமைத்தார். அகன்ற இறக்கை, இரண்டு ஜெட் எஞ்சின்கள், 48,000 அடி உயரம். அக்காலத்துச் சண்டை விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த உயரத்தில் மூச்சு முட்டும். நம் நாடு 1957இல் வாங்கத் தொடங்கிய பி(ஐ)58 வகையில் வயிற்றுப் பகுதியில் நான்கு 20 மி.மீ. பீரங்கிகளைப் பொருத்தலாம் என்பது உண்மையே; ஆனால் அவை முன்னோக்கிச் சுடுபவை, தரை இலக்குகளைத் தாக்குவதற்கானவை. பின்னால் வருபவனுக்கு எதிராக விமானத்தில் இருந்தது வேறொன்று.

கான்பெர்ராவின் வால் முனையைக் கூர்ந்து பார்த்தால், கடைசி ஓர் அடி மட்டும் உலோகமாக இல்லாமல், ராடார் அலை ஊடுருவக்கூடிய பொருளால் ஆன கூம்பாக இருப்பது தெரியும். அதற்குள்தான் ‘ஆரஞ்ச் பட்டர்’ என்று பெயரிடப்பட்ட வால் எச்சரிக்கை ராடாரின் ஆன்டெனா இருந்தது. பின்புறமிருந்து விமானம் ஏதாவது நெருங்கினால் அது குழுவினருக்கு எச்சரிக்கை தரும். விமானி உடனே வளைந்தும் சரிந்தும் விலக வேண்டும். ஆக்ராவின் ஜனவரி இரவுகளில், பனிமூட்டம் ஹேங்கர் என்ற விமானக் கொட்டகையின் விளக்குகளைச் சுற்றிப் புகைபோல் நிற்க, அந்தக் கூம்பின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றியிருக்கிறேன். விரல் மரத்துப்போகும் என்பதற்காகக் கையுறை போட்டால் திருகு கைக்குப் பிடிபடாது. ஆகவே வெறுங்கையால்தான் வேலை. உள்ளே இருந்தவை பழைய ரேடியோக்களில் இருப்பது போன்ற வால்வுக் குழாய்கள். ஈரம் ஏறினால் ஒழுங்காக வேலை செய்யாது. ஒரு இணைப்பில் மெல்லிய பச்சைக் களிம்பு படிந்தாலே எச்சரிக்கை வராமல் போகும், அல்லது தேவையில்லாமல் வந்து தொலைக்கும். இரண்டில் எது மோசம் என்று நாங்கள் விவாதிப்பதுண்டு. பொய் எச்சரிக்கைதான் மோசம் என்பது என் எண்ணம். நான்கு முறை வீணாக வளைந்த விமானி ஐந்தாம் முறை வளையாமல் இருந்துவிடலாம். சோதனைக் கருவியிலிருந்து சைகையை அனுப்பிவிட்டு, முன்னால் அமர்ந்திருக்கும் சக ஊழியர் "வருகிறது" என்று சொல்லும்வரை மூச்சை அடக்கிக் காத்திருப்போம். அதன் பிறகே படிவத்தில் கையெழுத்து.

இந்தக் கருவிக்கு மூத்த அண்ணன் ஒன்று உண்டு; அதன் கதையைப் பயிற்சியில் கேட்ட நாள் முதல் என்னால் மறக்க முடிந்ததில்லை. 1943இல் பிரிட்டிஷ் லங்காஸ்டர், ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானங்களில் ‘மோனிகா’ என்ற வால் ராடாரைப் பொருத்தினார்கள். பின்னால் வருபவனைக் கண்டுபிடிக்க அது இடைவிடாமல் ரேடியோ அலைகளை வீசிக்கொண்டே இருக்கும். சுட்டு வீழ்த்தப்பட்ட விமானங்களிலிருந்து அதை எடுத்து ஆராய்ந்த ஜெர்மானியர்கள், ‘ஃப்ளென்ஸ்பர்க்’ என்ற அலைவாங்கியைச் செய்து தங்கள் இரவுச் சண்டை விமானங்களில் வைத்தார்கள். அது எந்த அலையையும் வீசாது. மோனிகாவின் அலையை மட்டும் கேட்கும். காவலுக்கு வைத்த கருவி, பல பத்து மைல்களுக்கு அப்பாலிருந்தே பகைவனைக் கையைப் பிடித்து அழைத்து வந்துகொண்டிருந்தது. 1944 ஜூலை 13 அன்று வழிதவறிய யுங்கர்ஸ் 88 என்ற ஜெர்மானிய இரவுச் சண்டை விமானம் ஒன்று, தன் நாட்டுத் தளம் என்று நினைத்து இங்கிலாந்தின் உட்பிரிட்ஜில் இறங்கியபோதுதான் இந்த இரகசியம் வெளிப்பட்டது. சோதித்துப் பார்த்த பிரிட்டிஷ் விமானப்படை மோனிகாவைக் கழற்றிவிட உத்தரவிட்டது. அதற்குள் எத்தனை குழுவினர் அந்த அலையாலேயே அழிந்திருப்பார்கள் என்று எண்ணினால் நெஞ்சு கனக்கிறது. அப்போர் முழுவதிலும் பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் பிரிவில் இறந்தவர்கள் 55,573 பேர். அவர்களில் மிகப் பலர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர்கள்.

இதே பாடம் அரை நூற்றாண்டுக்குப் பிறகும் திரும்பி வந்தது. 1991 வளைகுடாப் போரில் அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானம் ஒன்றின் வால் பீரங்கியைக் குறிவைக்கும் ராடாரின் அலையை, எதிரி ராடார் என்று எடுத்துக்கொண்டு அமெரிக்க ஏவுகணையே வந்து தாக்கியது. விமானம் தப்பியது. அந்த ஆண்டிலேயே பி-52இன் வால் பீரங்கிகள் விடைபெற்றன.

ராடாரின் கண்ணை மறைப்பது இன்னொரு வழி. ஜோன் கர்ரன் என்ற பெண் இயற்பியலாளரின் ஆய்வில் உருவான எளிய பொருள் அது: ஒரு பக்கம் அலுமினியம் ஒட்டிய காகிதக் கீற்று. ஜெர்மானியரின் வூர்ட்ஸ்பர்க் ராடாரின் அலைநீளத்தில் பாதி, அதாவது ஏறத்தாழ 27 செ.மீ. நீளம். அந்த நீளத்தில் வெட்டினால்தான் கீற்று அந்த அலையை வலுவாகத் திருப்பி அனுப்பும். நூற்றுக்கணக்கில் காற்றில் மிதந்தால் திரையில் விமானத்துக்கும் காகிதத்துக்கும் வேறுபாடு தெரியாது. எதிரியும் இதைக் கற்றுக்கொள்வானே என்ற அச்சத்தில் பிரிட்டிஷார் ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாமலே வைத்திருந்தார்கள். எதிரியோ இதையே தானும் கண்டுபிடித்து, அதே அச்சத்தில் மறைத்து வைத்திருந்தான். 1943 ஜூலை 24 இரவு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரின் மீது சென்ற 791 பிரிட்டிஷ் விமானங்கள், நிமிடத்துக்கு ஒரு கட்டு வீதம் அதை அவிழ்த்து வீசின. இழப்பு 12 மட்டுமே. ஆனால் அந்தக் காகிதத்தின் மறைவில் அடுத்த சில இரவுகளில் ஹாம்பர்க் எரிந்தது. பல்லாயிரம் மக்கள் மாண்டார்கள். தற்காப்புக் கருவியைப் போற்றுகிறவன் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இதை விட்டுவிட்டு அதை மட்டும் சொல்வது நேர்மையாகாது.

நம் கான்பெர்ராக்களுக்கு வருகிறேன். 1965 போரில் அவை காத்துக்கொண்ட விதத்தைப் பாருங்கள். செப்டம்பர் 21 அன்று சிந்து மாகாணத்தின் பாதின் ராடார் நிலையத்தைத் தாக்கிய பதினாறாம் படையணியின் விமானங்கள், தரையை ஒட்டிப் பறந்து, ராடாரின் பார்வைக்குக் கீழேயே சென்றன. பூமியின் வளைவைத் தாண்டி ராடார் பார்க்க முடியாது. தாழப் பறப்பதே அங்கே கவசம். தம்மைக் காட்டிக்கொடுக்கும் கண்ணையே குருடாக்கிவிட்டு வந்தது, பின்னால் வர வேண்டிய விமானங்களுக்கான தற்காப்பும் ஆகும். அதற்கு முந்தைய வாரம், ஆக்ராவிலிருந்து புறப்பட்டு, எட்டும் தூரத்தின் விளிம்பில் இருந்த பெஷாவர்வரை இருட்டில் போய்க் குண்டு வீசியதும் கான்பெர்ராதான். இருட்டும் ஓர் ஆயுதம் என்பதை அந்தக் குழுவினர் நன்கு அறிந்திருந்தார்கள்.

ஆயினும் இருட்டு எப்போதும் காக்கவில்லை. பாதின் தாக்கப்பட்ட அதே நாளின் விடியலுக்கு முந்தைய இருளில், குண்டு வீசிவிட்டுத் திரும்பிய நம் கான்பெர்ரா ஒன்றை, பாகிஸ்தானின் எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் சண்டை விமானம் ஒன்று ஏறத்தாழ 33,000 அடி உயரத்தில் சைட்வைண்டர் ஏவுகணையால் வீழ்த்தியது. விமானி வெளியே குதித்துச் சிறைப்பட்டார். வழி கணிக்கும் நேவிகேட்டர் இறந்தார். கட்டுரையாளர் கான்பெர்ராவின் குறையைச் சொல்ல விரும்பியிருந்தால், சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: பி(ஐ)58 வகையில் வெளியேற்றும் இருக்கை விமானிக்கு மட்டுமே இருந்தது. மூக்குப் பகுதியில், கண்ணாடிக்குப் பின்னே, குண்டு குறிவைக்கக் குப்புறப் படுத்துக்கொள்ளும் நேவிகேட்டருக்கு அது இல்லை. பக்கக் கதவைத் திறந்து தாமாகவே வெளியேற வேண்டும். சுழன்று விழும் விமானத்தில் அது எப்படி முடியும்? வாலில் துப்பாக்கி இருந்திருந்தால் அந்த ஏவுகணையை அது தடுத்திருக்காது. மூக்கில் ஓர் இருக்கை இருந்திருந்தால் ஓர் உயிர் மிஞ்சியிருக்க வாய்ப்புண்டு. விமானம் கிளம்பும் முன் ஏணியருகே நின்று புன்னகைத்துவிட்டு உள்ளே ஏறும் நேவிகேட்டர்களை எங்களில் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் அந்தக் குறையை அறிந்தே ஏறினார்கள்.

1971 டிசம்பர் 3 மாலை, போரின் முதல் இரவில், ஆக்ரா தளத்தின் மீது குண்டு வீச வந்தவை பாகிஸ்தானின் பி-57கள். அவை வேறெதுவும் அல்ல, அமெரிக்காவில் உரிமம் பெற்றுக் கட்டப்பட்ட கான்பெர்ராக்கள். அகழியில் படுத்துக்கொண்டு அந்த எஞ்சின் ஒலியைக் கேட்டபோது, எங்களுக்குப் பழக்கமான குரல் எங்கள் மீதே குண்டு வீசுவதாக உணர்ந்தேன். எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில், அந்த விமானத்துக்குப் பின்பக்கம் குருடு என்பது இரு தரப்புக்கும் தெரியும். எதிரியின் பலவீனத்தை அறிய எங்களுக்கு உளவாளி தேவைப்படவில்லை. எங்கள் ஹேங்கரே போதும்.

கான்பெர்ரா நம் படையில் 2007 மே 11 வரை, முழு ஐம்பது ஆண்டுகள் இருந்தது. கடைசிக் காலத்தில் அதன் வேலை பெரும்பாலும் படமெடுப்பதே. 1999 மே மாதம் கார்கில் மலைகளின் மேல் படமெடுக்கச் சென்ற விமானத்தின் எஞ்சின் ஒன்றில், தோளில் வைத்து ஏவும் வெப்பம் நாடும் ஏவுகணை பாய்ந்தது. மிஞ்சிய ஓர் எஞ்சினோடு குழுவினர் அதை ஸ்ரீநகரில் பத்திரமாக இறக்கினார்கள். சமவெளியில் அந்த உயரம் அத்தகைய ஏவுகணைக்கு எட்டாது. ஆனால் ஏவியவர்கள் நின்றது மலை உச்சியில். 1949இல் பெட்டர் நம்பிய உயரத்தை மலை எடுத்துக்கொண்டுவிட்டது. வலுவான கட்டமைப்பும், இறக்கையில் இருபுறமும் விலகி நின்ற இரண்டு எஞ்சின்களும், விமானியின் கைத்திறனும் அன்று தற்காப்பாயின.

துப்பாக்கியோடு கூடிய வால் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பும் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு தகவல். அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்தில் 2017 மார்ச் வரை பணியாற்றிய டியூ-142 விமானம், சோவியத்தின் டியூ-95 குண்டுவீச்சு விமானத்திலிருந்து பிறந்தது. அதன் வாலில் 23 மி.மீ. பீரங்கிகளும், பின்னோக்கி அமர்ந்து அவற்றை இயக்குபவருக்கான அறையும் உண்டு. அரக்கோணத்துக்காரர்களுக்கு அதன் எதிரெதிராகச் சுழலும் இரட்டை விசிறிகளின் முழக்கம் நினைவிருக்கும். ஓய்வுபெற்ற விமானம் ஒன்று விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. அங்கே போகிறவர்கள் முன்பக்கத்தில் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், வால்வரை நடந்து போய்ப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். டெல்லியின் பாலம் (Palam) பகுதியில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் லிபரேட்டரும் கான்பெர்ராவும் இருக்கின்றன, பெங்களூரு ஹெச்.ஏ.எல். அருங்காட்சியகத்திலும் கான்பெர்ரா ஒன்றைப் பார்க்கலாம்.

தங்களிடம் எனக்கு இரண்டு கோரிக்கைகள் உள்ளன. முதலாவது, அக்கட்டுரையின் அந்த ஒரு வரிக்குத் தங்கள் இதழில் திருத்தம் வெளியிட வேண்டும். இரண்டாவது சற்றுப் பெரியது. விமானங்களைக் காட்சிக்கு வைப்பவர்கள் நீளம், அகலம், வேகம், சுமக்கும் குண்டின் எடை ஆகியவற்றைப் பலகையில் எழுதுகிறார்கள். வால் கூம்புக்குள் என்ன இருந்தது, நேவிகேட்டர் எங்கே படுத்திருந்தார், எந்தக் கதவு வழியாக அவர் வெளியேற வேண்டியிருந்தது என்பவற்றையும் எழுத வேண்டும். நம் மாநிலத்தில் நிறுத்தப்படும் விமானங்களுக்காவது தமிழிலும் எழுத வேண்டும். முடிந்தால் கூம்பைக் கழற்றிவிட்டு ஆன்டெனாவைக் கண்ணாடிக்குப் பின்னே வைத்துக் காட்டலாம். அந்தக் கருவிகளைக் கையாளத் தெரிந்தவர்கள் தாம்பரத்திலும் ஆவடியிலும் கோவையிலும் இன்னும் சிலர் இருக்கிறோம்; எல்லோருக்கும் வயதாகிவிட்டது. எந்த அருங்காட்சியகமாவது அழைத்தால், விளக்கம் எழுதித் தரவும், பழுதுபட்ட பாகங்களை அடையாளம் காட்டவும் ஊதியம் ஏதுமின்றி வரத் தயாராக இருக்கிறோம். தங்கள் இதழ் வழியாக இந்தச் செய்தி உரியவர்களைச் சென்றடைந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
இந்திய விமானப்படையின் ஓய்வுபெற்ற ராடார் ஃபிட்டர்,
கிழக்குத் தாம்பரம், சென்னை.